அப்பாவின் ஹோண்டா கப்: புதுப்பிக்கும் வேலை டபுள் ஸ்டாண்டில் தொடங்கட்டும்

தோட்டத்து வீட்டின் பின்புறக் கொட்டகையிலோ, பட்டணத்துத் தரை வீட்டின் வாசல் ஓரத்திலோ, பழைய ஹோண்டா கப் ஒன்று இன்றும் பல குடும்பங்களில் நிற்கிறது. ஒரு காலத்தில் பால் தோம்பையும், பள்ளிக்குப் போகும் பிள்ளைகளையும், சம்பள நாளில் வாங்கிய சாமான்களையும் சுமந்த வண்டி அது. ஓட்டியவர் இப்போது இல்லாமல் இருக்கலாம். அதை விற்க மனமில்லாத பிள்ளைகள், மீண்டும் ஓட வைத்துப் பார்க்க ஆசைப்படுகிறார்கள்.

ஆசை வந்தவுடன் பெரும்பாலோர் முதலில் யோசிப்பது சாயத்தைப் பற்றியும் குரோம் பூச்சைப் பற்றியும்தான். ஆனால், வண்டியைத் தாங்கி நிற்கும் டபுள் ஸ்டாண்டை, அதாவது மலாயில் ‘தோங்காட் டுவா’ எனப்படும் பாகத்தை, கடைசியில்தான் பார்க்கிறார்கள். வேலை தொடங்க வேண்டிய இடமே அதுதான்.

ஊரறிந்த வண்டி

ஹோண்டா நிறுவனம் சூப்பர் கப் வண்டியை 1958-ஆம் ஆண்டு ஜப்பானில் அறிமுகப்படுத்தியது. முதலில் வந்த சி100, 49 சிசி இயந்திரம் கொண்டது. கிளட்ச் பிடி இல்லாமல் காலால் மட்டும் கியர் மாற்றும் வசதி, சேறு தெறிக்காமல் காலை மறைக்கும் தடுப்பு, 17 அங்குலச் சக்கரம் ஆகியவை செம்மண் சாலைக்குப் பொருத்தமாக இருந்தன. பினாங்கைச் சேர்ந்த தொழிலதிபர் லோ பூன் சியூ மலாயாவில் ஹோண்டா மோட்டார் சைக்கிள்களை விற்பனைக்குக் கொண்டு வந்தார். பின்னர் வந்த சி50, சி70, சி90 வண்டிகள் நாடு முழுவதும் பரவின. 2017-ஆம் ஆண்டில் உலகளவில் சூப்பர் கப் வரிசையின் மொத்தத் தயாரிப்பு 10 கோடியைத் தாண்டியது. நம் நாட்டில் ‘கப்சாய்’ என்று எல்லாரும் அழைக்கும் வண்டிக் குடும்பத்தின் மூத்த பிள்ளை இதுவே.

முதலில் கிரான், பிறகு ஸ்பேனர்

ஒரு திருகைக் கழற்றும் முன் வண்டியின் பதிவு ஆவணமான கிரானைத் தேடி எடுக்க வேண்டும். அதில் உள்ள இயந்திர எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் பொறிக்கப்பட்ட எண்களோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது அவசியம். துரு நீக்க மணல் அடிக்கும்போதும் கிரைண்டர் பிடிக்கும்போதும் அந்த எண்கள் தேய்ந்துவிட்டால், எவ்வளவு அழகான வண்டியும் சாலையில் ஓட முடியாத இரும்பாகிவிடும். எண்கள் உள்ள இடத்தைத் தடித்த டேப்பால் மூடிவிட்டுத்தான் அந்த வேலையைத் தொடங்க வேண்டும்.

வண்டி இறந்தவரின் பெயரில் இருந்தால், பெயர் மாற்றத்துக்குக் குடும்பத்தின் சொத்துப் பங்கீட்டு ஆவணம் தேவைப்படும். சாயத்தின் நிறத்தை மாற்ற நினைப்பவர்கள், அதைப் பற்றி முன்கூட்டியே சாலைப் போக்குவரத்துத் துறையிடம் கேட்டுக்கொள்வது நல்லது. இந்த வேலைகளுக்கு நாளாகும் என்பதால், இயந்திர வேலை நடக்கும்போதே இவற்றையும் தொடங்கிவிடலாம்.

ஏன் முதலில் ஸ்டாண்டு?

இதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, புதுப்பிக்கும் வேலை நடக்கும் மாதங்கள் முழுவதும் வண்டி அந்த ஸ்டாண்டின் மேல்தான் நிற்கப் போகிறது. சக்கரத்தைக் கழற்றுவதும், செயினை இறுக்குவதும், இயந்திரத்தை இறக்குவதும் அதன் பலத்தை நம்பித்தான்.

இரண்டாவது, கப் வண்டிகளில் டபுள் ஸ்டாண்டு சுழலும் குறுக்குக் குழாயில்தான் பின் பிரேக் மிதியும் சுழல்கிறது. அந்தக் குழாய் துருப்பிடித்து இறுகினால், மிதித்த பிரேக் திரும்பி வராமல் பாதியில் நிற்கும். பிரேக் பிடித்தபடியே வண்டி ஓடும். பிரேக் கட்டையை மாற்றியும் குறை தீரவில்லை என்று அலுத்துக்கொள்பவர்கள் இந்தக் குழாயையும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, ஸ்பிரிங் தளர்ந்த ஸ்டாண்டு ஓடும்போது கீழே தொங்கும். வளைவில் வண்டி சாயும்போது அது தரையில் இடித்தால் சக்கரத்தையே தூக்கிவிடும். நிற்கும்போது மடங்கினால், அருகே விளையாடும் குழந்தையின் மேல் வண்டி விழும்.

தேய்மானத்தைக் கண்டறிவது எப்படி?

சமமான சிமெண்டுத் தரையில் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி நிறுத்த வேண்டும். பின் சக்கரம் தரையைத் தொடாமல் சுழல வேண்டும். தொட்டால், ஸ்டாண்டின் பாதங்கள் தேய்ந்திருக்கலாம். அல்லது, ஸ்டாண்டு அளவுக்கு மீறி முன்னே போகாமல் தடுக்கும் முட்டுப் பகுதி தேய்ந்திருக்கலாம். அசல் அளவைவிட நீளமான பின் அப்சார்பர் மாட்டியிருந்தாலும் இதே குறை தெரியும்.

அடுத்து, சீட்டைப் பிடித்து இடமும் வலமும் மெதுவாக ஆட்டிப் பார்க்க வேண்டும். வண்டி ‘கடக் கடக்’ என்று ஆடினால், குழாய் நுழையும் துளைகள் வட்டம் மாறி நீண்டுவிட்டன என்று பொருள். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றால், ஒரு பாதம் மற்றதைவிட அதிகம் தேய்ந்திருக்கிறது. ஸ்டாண்டை மடித்தால் ‘டப்’ என்று மேலே ஒட்ட வேண்டும். சோம்பலாக ஏறினால் ஸ்பிரிங்கை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

கழற்றிச் சீர் செய்தல்

இயந்திரத்தின் அடியில் பலகை வைத்து ஜாக்கியால் தாங்க வேண்டும். வண்டி விழாதபடி மேலே கயிற்றாலும் கட்டிக்கொள்வது பாதுகாப்பு. எக்சாஸ்ட் குழாயைக் கழற்றிவிட்டால் கை நுழைய இடம் கிடைக்கும்.

ஸ்பிரிங்கைப் பிளையரால் இழுத்துப் போராடுவது ஆபத்து. கை நழுவினால் கண்ணில் அடிக்கும். அனுபவமுள்ள பட்டறைக்காரர்கள் வேறு வழி வைத்திருக்கிறார்கள். ஸ்பிரிங் அதிகம் இழுபடும் நிலையில் ஸ்டாண்டை வைத்து, அதன் சுற்றுகளுக்கு நடுவே தடித்த வாஷர்களைச் செருகுவார்கள். பிறகு ஸ்டாண்டைத் திருப்பினால் ஸ்பிரிங் சுருங்க முடியாமல் நீளமாகவே இருக்கும், கையாலேயே கழற்றிவிடலாம். அப்போதும் கண்ணாடி அணிந்திருக்க வேண்டும்.

குழாயின் முனையில் உள்ள பிளவு ஊசியை நீக்கிவிட்டுக் குழாயை உருவ வேண்டும். பல ஆண்டு துரு என்றால் சுலபத்தில் வராது. துரு இளக்கும் எண்ணெயைத் தெளித்து ஓர் இரவு விட்டு, மறுநாள் முயல வேண்டும். குழாயின் முனையை நேராகச் சுத்தியலால் அடித்தால் அது மலர்ந்து, துளைக்குள் வரவே வராது. கட்டையை இடையில் வைத்து அடிப்பதே முறை.

குழாய் தேய்ந்திருந்தால் புதிது வாங்கலாம். ஸ்டாண்டின் துளை நீண்டிருந்தால் லேத் பட்டறையில் நிரப்பி, அளவாகத் துளையிட்டுத் தருவார்கள். பாதம் தேய்ந்திருந்தால் இரண்டு பக்கமும் சம உயரத்துக்கு இரும்பு சேர்த்து ஒட்டலாம். ஒட்டு வேலையை வண்டியில் வைத்தே செய்யக் கூடாது. பெட்ரோல் டேங்க் அருகில் தீப்பொறி பறப்பது உயிருக்கு ஆபத்து.

சாயம் அடிக்கும்போது குழாய் நுழையும் துளைகளை மூடிவிட வேண்டும். இல்லையென்றால் சாயத்தின் தடிப்பிலேயே அது இறுகிவிடும். மீண்டும் மாட்டும்போது குழாய் முழுவதும் கிரீஸ் தடவி, புதிய பிளவு ஊசி போட வேண்டும். சில காசு பெறுமானமுள்ள பழைய ஊசியை மீண்டும் வளைத்துப் போட்டு மிச்சம் பிடிப்பதில் அர்த்தமில்லை.

பிறகு இயந்திரம்

ஸ்டாண்டு உறுதியானதும் மற்ற வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் கைப்பேசியில் படம் பிடித்து, திருகுகளைத் தனித்தனிப் பையில் போட்டுப் பெயர் எழுதி வைத்தால், ஆறு மாதம் கழித்து மாட்டும்போது குழப்பம் இருக்காது.

டேங்கின் உள்துருவை நீக்கி, கார்புரேட்டரைச் சுத்தம் செய்ய வேண்டும். பாயிண்ட் வைத்த பழைய சி70 வண்டியில் வால்வு இடைவெளி, இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது 0.05 மில்லிமீட்டர், பாயிண்ட் இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர், பிளக் இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர். செயின் நடுவில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை மேலும் கீழும் அசைய வேண்டும். கப் வண்டியில் கிளட்சும் இயந்திர எண்ணெயிலேயே மூழ்கி ஓடுவதால், காருக்கான எண்ணெயை ஊற்றினால் கிளட்ச் வழுக்கக்கூடும். மோட்டார் சைக்கிளுக்கு உரிய எண்ணெயே பொருந்தும். பழைய வண்டிகள் 6 வோல்ட் மின்சாரத்தில் இயங்குபவை. 12 வோல்ட் பல்பு போட்டால் மங்கலாகத்தான் எரியும்.

டயர் பார்வைக்கு நன்றாக இருந்தாலும், பல ஆண்டு நின்ற வண்டியில் அதை நம்பி ஓட்டக் கூடாது. பிரேக் கட்டை, கேபிள், டயர் மூன்றும் புதிதாக இருப்பது நல்லது.

ஸ்டாண்டைக் காக்கும் பழக்கங்கள்

வண்டியைப் பின்னால் இழுத்து ஸ்டாண்டில் ஏற்றக் கூடாது. ஸ்டாண்டின் மிதியைக் காலால் அழுத்தி, இரண்டு பாதமும் தரையைத் தொட்ட பிறகு உடல் எடையை அதன் மேல் இறக்கினால், வண்டி தானாக ஏறும். முதுகுக்கும் வலியில்லை.

ஸ்டாண்டில் நிற்கும் வண்டியின் மேல் உட்கார்ந்து உதைத்து இயக்குவது பலருக்கு நெடுநாள் பழக்கம். ஒவ்வோர் உதையும் குழாயையும் துளையையும் தேய்க்கிறது. மழைக்குப் பின் மண் தரையில் நிறுத்தும்போது பாதத்தின் அடியில் ஒரு பலகைத் துண்டை வைத்தால் வண்டி புதையாது, சாயாது. மாதம் ஒரு முறை சேற்றைக் கழுவி, உலர்ந்த பின் ஸ்பிரிங் கொக்கியிலும் குழாய் முனைகளிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டாலே போதும்.

சாயம் வெயிலில் மங்கலாம், குரோம் மீண்டும் துருப்பிடிக்கலாம். அப்பா ஓட்டிய வண்டியில் பேரப்பிள்ளை உட்கார ஆசைப்படும் நாள் வரும்போது, பிரேக் மிதி திரும்பி வருகிறதா, ஸ்டாண்டு மடங்காமல் நிற்கிறதா என்பதே முக்கியம்.