விளையும் பயிரும் விதைத்த நாளும்

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது நம் பழமொழி. கால்பந்துத் தேர்வாளர்களும் ஏறத்தாழ இதே நம்பிக்கையுடன்தான் பத்து வயதுச் சிறுவர்களுக்குள் நாளைய வீரனைத் தேடுகிறார்கள். ஆனால் அந்த விதைகள் அனைத்தும் ஒரே நாளில் விதைக்கப்பட்டவை அல்ல.

வயதுப்பிரிவு என்ற ஏற்பாட்டுக்கு ஒரு தொடக்க நாள் தேவை. அது ஜனவரி 1 என்று கொள்வோம். அன்று பிறந்த சிறுவனும், அதே ஆண்டு டிசம்பர் 31இல் பிறந்தவனும் ஒரே பிரிவில் ஆடுவார்கள். பத்து வயதில் ஓராண்டு என்பது வாழ்ந்த காலத்தில் பத்தில் ஒரு பங்கு. மூத்தவன் பெரும்பாலும் உயரமாக இருப்பான், வேகமாக ஓடுவான். பார்ப்பவர் கண்ணுக்கு அந்த வளர்ச்சியே திறமையாகத் தோன்றும். தேர்வானவனுக்கு நல்ல பயிற்சியும் கூடுதல் ஆட்டங்களும் கிடைக்கின்றன. சில ஆண்டுகளில் அவன் உண்மையிலேயே சிறந்த ஆட்டக்காரனாகிவிடுகிறான். தேர்வு சரியாகவே நடந்தது என்று அனைவரும் நிறைவு கொள்கிறார்கள்.

1985இல் உளவியலாளர் ரோஜர் பார்ன்ஸ்லியும் அவருடைய குழுவினரும் கனடாவின் பனி ஹாக்கி வீரர்களைப் பற்றிய ஆய்வொன்றை வெளியிட்டார்கள். ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தோரே அவர்களில் மிகுந்திருந்தனர். 1992இல் அதே கேள்வியைக் கால்பந்திடம் கேட்டார்கள். உலக இளையோர் போட்டிகளின் தேர்வாண்டு அக்காலத்தில் ஆகஸ்ட் 1இல் தொடங்கியது. அங்கே ஆகஸ்டும் அதையடுத்த மாதங்களும் முந்தி நின்றன.

இது தற்செயல் என்று ஒதுக்க இயலாதபடி செய்தது பெல்ஜியம். அங்கே 1997இல் தேர்வாண்டின் தொடக்கம் ஆகஸ்ட் 1இலிருந்து ஜனவரி 1க்கு மாற்றப்பட்டது. விளைவை ஆராய்ந்து வெர்னர் ஹெல்சன் குழுவினர் 2000இல் எழுதினார்கள். ஜனவரி முதல் மார்ச் வரை பிறந்த சிறுவர்கள் அணிகளில் பெருகினர்; ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை பிறந்தோர் குறைந்தனர். கோட்டை நகர்த்தியதும் 'திறமை'யும் கூடவே நகர்ந்துவிட்டது.

பிந்திப் பிறந்தோர் வெல்வதே இல்லை என்பதல்ல. இங்கிலாந்தில் பிரிவுகள் பள்ளியாண்டை ஒட்டிச் செப்டம்பரில் தொடங்குகின்றன. 1993 ஜூலை 28இல் பிறந்த ஹாரி கேனைச் சிறுவயதிலேயே ஆர்சனல் விடுவித்தது. அவரே 2023இல் இங்கிலாந்துக்காக மிகுதியான கோல்கள் அடித்தவரானார். அவர் விடுவிக்கப்பட்டதற்குப் பிறந்த நாளே காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் எட்டொன்பது வயதில் வழங்கப்படும் தீர்ப்பு எவ்வளவு நொய்மையானது என்பதற்கு அவர் சான்று. திரும்பி வராத சிறுவர்களின் பெயர்களோ எந்தப் பட்டியலிலும் இல்லை.

நெதர்லாந்தில் 2017இல் வெளியான ஆய்வொன்று எளிய வழியைக் காட்டியது. தேர்வாளர்களிடம் பிறந்த தேதிகளைத் தாளில் எழுதிக் கொடுத்தபோது அவர்களுடைய சாய்வு மாறவில்லை. சட்டையின் எண்களையே வயது வரிசைப்படி அமைத்தபோது அது மறைந்தது. யார் மூத்தவன், யார் இளையவன் என்பது ஆட்டத்தைப் பார்க்கும் அக்கணத்திலேயே கண்ணில் பட வேண்டியிருந்தது. முளையைப் பார்த்துப் பயிரைச் சொல்ல விரும்புவோர் முதலில் விதைத்த நாளைக் கேட்டறிய வேண்டும்.