பாலத்துக்குக் கீழே ஒரு பூங்கா

1970, ஏப்ரல் 22. அமெரிக்கா முதல் முறையாகப் ‘பூமி தினம்’ கொண்டாடிய நாள். மரம் நடுவோம், காற்றைக் காப்போம் என்று ஊருக்கு ஊர் கூட்டம், ஊர்வலம், பேச்சு.

அதே நாளில், மெக்ஸிகோ எல்லையை ஒட்டியிருக்கும் சான் டியாகோ நகரத்தில் வேறொரு காட்சி. லோகன் ஹைட்ஸ் பேட்டை வழியாகப் போய்க்கொண்டிருந்த மாரியோ சோலிஸ் என்கிற மாணவர், பெரிய பாலத்துக்கு அடியில் புல்டோசர்கள் மண்ணைத் தள்ளிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். அந்த இடத்தில் பூங்கா அமைத்துத் தருவதாக நகர நிர்வாகம் வாக்குக் கொடுத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. சரி, பூங்கா வேலைதான் ஆரம்பித்துவிட்டதோ?

விசாரித்தார். பூங்கா இல்லையாம். நெடுஞ்சாலைப் போலீசுக்கு ஸ்டேஷன் கட்டப் போகிறார்களாம்.

அந்தப் பேட்டைக்காரர்களுக்கு ஏன் ரத்தம் கொதித்தது என்று புரிய வேண்டுமானால், கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1848 வரை கலிஃபோர்னியாவே மெக்ஸிகோவுடையதுதான். போரில் தோற்று, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, அமெரிக்காவிடம் கொடுத்தார்கள். 1910-ல் மெக்ஸிகோவில் புரட்சி வெடித்தபோது, உயிர் பிழைத்தால் போதும் என்று ஜனங்கள் வடக்கே ஓடிவந்தார்கள். அப்படி வந்த பலர் குடியேறிய இடம் லோகன் ஹைட்ஸ். பக்கத்திலேயே கடல். மீனை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலைகளில் வேலை. சின்னச் சின்ன வீடுகள், தேவாலயம், மளிகைக் கடை, சாயங்காலமானால் கடற்கரை. பணக்கார வாழ்க்கை இல்லை. ஆனால், சொந்த வாழ்க்கை.

முதலில் போனது கடற்கரை. இரண்டாம் உலகப் போர் வந்தது. கடற்படை விரிந்தது. கரையோரம் முழுக்க வேலி. கூப்பிடு தூரத்தில் கடல் இருக்கிறது. போய்க் கால் நனைக்க முடியாது.

அடுத்தது காற்று. 1950-களில் அது குடியிருப்புப் பகுதி மட்டும் இல்லை, தொழில் பகுதியும்தான் என்று நகர நிர்வாகம் காகிதத்தில் மாற்றி எழுதியது. ஒரே ஒரு கையெழுத்து மாற்றம்! பழைய கார்களை உடைத்து உதிரிபாகம் விற்கும் கடைகள் வீட்டுக்கு வீடு முளைத்தன. ‘யோங்க்கே’ என்று அவர்கள் பாஷையில் சொல்வார்கள். நம்மூர்க் காயலான் கடையேதான். துணி காயப்போடும் கொடிக்குப் பக்கத்தில் துருப்பிடித்த இன்ஜின்.

மூன்றாவது அடி, 1963-ல். ஐந்தாம் எண் நெடுஞ்சாலை பேட்டையை இரண்டாக வகுந்துகொண்டு போனது. கடல் பக்கம் ஒதுங்கிய துண்டுதான் இன்றைக்குப் பாரியோ லோகன்.

நான்காவதாக வந்தது பாலம். எதிர்க்கரையில் இருக்கும் வசதியானவர்களின் கொரொனாடோவுக்கு, விரிகுடாவைத் தாண்டி இரண்டு மைல் நீளத்துக்கு ஒரு பாலம். செலவு கிட்டத்தட்ட 4.8 கோடி டாலர். 1969 ஆகஸ்டில் திறந்தார்கள். பார்க்க அழகான பாலம்தான், சந்தேகமில்லை. ஆனால், அது கால் ஊன்றிய இடம் லோகன்காரர்களின் வீட்டுத் தோட்டம்! வீடுகள் இடிக்கப்பட்டன. குடும்பங்கள் வெளியேறின. மிஞ்சியவர்களின் தலைக்கு மேலே கார்கள் பறந்தன. கண்ணுக்கு முன்னால் கான்க்ரீட் தூண்கள்.

போனதெல்லாம் போகட்டும், அந்தத் தூண்களுக்கு நடுவே குழந்தைகள் விளையாட ஒரு பூங்காவாவது கொடுங்கள் என்றுதான் கேட்டார்கள். சரி என்றார்கள். கடைசியில் வந்தது போலீஸ் ஸ்டேஷன். அதுவும் போலீசைக் கண்டாலே ஆகாத ஒரு பேட்டைக்கு.

சோலிஸ் கல்லூரிக்கு ஓடினார். வீடு வீடாகச் செய்தி போனது. கொஞ்ச நேரத்தில் மாணவர்கள், தாய்மார்கள், தாத்தா பாட்டிகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று கூட்டம் திரண்டுவிட்டது. கை கோத்துப் புல்டோசர்களைச் சுற்றி நின்றார்கள். இந்தப் பக்கம் மண்வெட்டியும் கடப்பாரையும் வந்தன. மரக்கன்று, கள்ளிச்செடி, பூச்செடி என்று கிடைத்ததையெல்லாம் நட்டார்கள். போலீஸ் ஸ்டேஷனுக்காக வந்த புல்டோசரிலேயே ஏறித் தோட்டத்துக்கு நிலத்தைச் சமன்படுத்திய கூத்தும் நடந்தது. தந்திக் கம்பத்தில் சிகானோ கொடி ஏறியது. சிகானோ என்பது மெக்ஸிகோ வம்சாவளி அமெரிக்கர்களைக் குறிக்கும் சொல். ஒரு காலத்தில் இளக்காரமாகச் சொல்லப்பட்டது. ஆமாம், நாங்கள் அப்படித்தான் என்று அந்தத் தலைமுறை அதையே எடுத்து மார்பில் குத்திக்கொண்டது.

பன்னிரண்டு நாள். இடத்தைவிட்டு நகரவில்லை. கடைசியில் மாநில அரசும் நகரமும் நிலத்தை மாற்றிக்கொள்வதென்று பேசி முடித்தார்கள். பூங்காவின் முதல் துண்டு 1.8 ஏக்கர். அதற்கு ஒதுக்கிய தொகை 21,814 டாலர், 96 சென்ட். பாலத்துக்குக் கோடிகள், பூங்காவுக்குச் சில்லறை வரை எண்ணிக் கணக்கு!

ஒருமுறை ஜெயித்த ஜனம் சும்மா இருக்குமா? அதே வருடம் அக்டோபரில், பேட்டைக்குப் பயன்படாமல் இருந்த ‘நெய்பர்ஹூட் ஹவுஸ்’ கட்டடத்துக்குள் புகுந்து உட்கார்ந்தார்கள். எங்களுக்கு இங்கே ஆஸ்பத்திரி வேண்டும் என்றார்கள். கதவோடு தன்னைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டவர் லாரா ரோட்ரிகஸ் என்கிற அறுபது வயது தாண்டிய பெண்மணி. இலவச கிளினிக் வந்தது. அது வளர்ந்து, சான் டியாகோ முழுக்கக் கிளைகள் உள்ள பெரிய மருத்துவ அமைப்பாக இன்றைக்கு நிற்கிறது.

சரி, பூங்கா கிடைத்துவிட்டது. அந்தச் சாம்பல் நிறத் தூண்களை என்ன செய்வது? அதே பேட்டையில் வளர்ந்த ஓவியர் சல்வடோர் டோரஸ், அவையெல்லாம் வரைவதற்குத் தயாராக நிற்கும் சுவர்கள் என்று பார்த்தார். 1973-ல் வேலை ஆரம்பித்தது. ஆசிட்டால் கழுவி, கான்க்ரீட்டைப் பதப்படுத்தி, பெயின்ட் அடித்தார்கள். ஓவியர்கள் மட்டுமில்லை, பேட்டை ஜனங்களும் பிரஷ் பிடித்தார்கள். ஆஸ்டெக் தெய்வங்கள், மெக்ஸிகோ புரட்சி வீரர்கள், விவசாயத் தொழிலாளர் தலைவர் சீசர் சாவேஸ் எல்லாரும் தூண்களில் ஏறினார்கள். சாக்ரமென்டோவிலிருந்து ‘ராயல் சிகானோ ஏர் ஃபோர்ஸ்’ வந்தது. பயப்படாதீர்கள், அது ஓவியர் குழு! அவர்களுடைய சுருக்கப் பெயரைக் கனடா விமானப் படை என்று பலர் குழப்பிக்கொள்ள, அந்தக் கேலியையே பெயராக வைத்துக்கொண்டுவிட்டார்கள்.

பேட்டை வேண்டும், காயலான் கடை வேண்டாம் என்று ஒரு தூணில் எழுதினார்கள். கடல் வரைக்கும் பூங்கா வேண்டும் என்று இன்னொரு போராட்டம். அதுவும் பலித்தது. இன்றைக்குச் சீசர் சாவேஸ் பெயரில் இருக்கும் பூங்கா 1990-ல் கரையோரம் திறந்தது. அரை நூற்றாண்டுக்கு முன் வேலி போட்ட கடலை, ஒரு சின்ன ஜன்னல் வழியாகத் திரும்ப வாங்கிவிட்டார்கள்.

2016 டிசம்பரில் சிகானோ பூங்காவுக்கு அமெரிக்க அரசின் தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற அந்தஸ்து கிடைத்தது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான், மேலே பாலத்திலிருந்து ஒரு வண்டி தடுப்பை மீறிப் பூங்காவுக்குள் விழுந்து நான்கு பேர் செத்துப்போனார்கள். பாலத்துக்குக் கீழே வாழ்வது என்பதற்கு அர்த்தம் அதுதான்.

காற்றும் இன்னும் முழுசாகச் சரியாகவில்லை. வீடுகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் நடுவே இடைவெளி வேண்டும் என்று ஒரு திட்டம் 2013-ல் நகர மன்றத்தில் நிறைவேறியது. கப்பல் கட்டும் தொழில்காரர்கள் எதிர்த்தார்கள். 2014-ல் நகரம் முழுக்க வாக்கெடுப்பு நடத்தி அதைத் தோற்கடித்தார்கள். புகை லோகனில், ஓட்டு ஊருக்கெல்லாம். திரும்பப் பேசி, விட்டுக்கொடுத்து, 2021-ல்தான் புதிய திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. இதற்குள் இன்னொரு தலைவலி. ஓவியத்தால் பேட்டைக்குப் பேர் வந்தது. பேர் வந்ததால் வாடகையும் ஏறியது. புல்டோசரை மறித்து நிறுத்தலாம். வாடகையை எப்படி மறிப்பது?

ஆனாலும், ஒவ்வொரு ஏப்ரலிலும் அங்கே திருவிழா. பாட்டு, நடனம், தின்பண்டம். 80-க்கும் மேற்பட்ட ஓவியங்களுக்கு நடுவே குழந்தைகள் ஓடுகின்றன. முதல் பூமி தினத்தன்று எத்தனையோ பேர் பூமியைப் பற்றிப் பேசினார்கள். லோகன்காரர்கள் மண்ணில் குழி வெட்டிச் செடி வைத்தார்கள். அந்த மண் இப்போது அவர்களுடையது.