எண்பது வயதுக்கு மேல் இதயத் தமனி அடைப்பு: சிகிச்சை முறைகள்

எண்பதைக் கடந்தவர்களின் இதயத் தமனி அடைப்புக்கு மருந்து, ஸ்டென்ட், பைபாஸ் என மூன்று வழிகள் உண்டு. எது பொருந்தும் என்பதை வயதை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. உடல் தளர்ச்சி, சிறுநீரகத்தின் நிலை, ரத்தக்கசிவு அபாயம், மறதிநோய் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். நான்கு மீட்டர் தூரத்தை முதியவர் எத்தனை நொடியில் நடக்கிறார் என்பதுகூடத் தளர்ச்சியை அளக்க உதவும்.

தமனி முழுதாக அடைபட்டு, ஈசிஜியில் எஸ்டி பகுதி உயர்ந்து காணும் மாரடைப்பில் தயக்கத்துக்கு அதிக இடமில்லை. உடனே ஆஞ்சியோபிளாஸ்டி செய்து ஸ்டென்ட் வைப்பதே முதல் வழி. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியால் இந்த வயதில் மூளையில் ரத்தம் கசியும் அபாயம் கூடுதல்.

மருந்து மட்டும் போதுமா, தமனியைப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராமும் வேண்டுமா என்ற விவாதம் எஸ்டி உயராத மாரடைப்பில்தான். நெஞ்சுவலி இல்லாமல் மூச்சிரைப்பும் அசதியுமாக இது வரக்கூடும். வயசானால் அப்படித்தான் என்று வீட்டார் விட்டுவிடுவதுதான் பெரிய ஆபத்து. நார்வேயில் எண்பது வயதும் அதற்கு மேலும் ஆன 457 பேரிடம் நடந்த ஆய்வு 2016இல் வெளியானது. மருந்து மட்டும் பெற்றவர்களில் 61 சதவீதத்தினருக்கு மாரடைப்பு, அவசர ஸ்டென்ட் அல்லது பைபாஸ், பக்கவாதம், மரணம் ஆகியவற்றில் ஏதாவது நேர்ந்தது. ஆஞ்சியோகிராம் வழி சென்றவர்களில் அது 41 சதவீதம். ஆனால் ஆஞ்சியோகிராம் செய்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கே ஸ்டென்ட் தேவைப்பட்டது. வயது ஏற ஏறப் பலனும் குறைந்தது. பிரிட்டனில் 75 வயதும் அதற்கு மேலும் ஆன 1,518 பேரிடம் நடந்து 2024இல் வெளியான சீனியர்-ரீட்டா ஆய்வு இன்னும் நிதானமான விடை தந்தது: ஆஞ்சியோகிராம் வழியில் மறு மாரடைப்பு குறைந்தது, இதயநோயால் இறப்பது குறையவில்லை. இதில் ஏறக்குறைய மூன்றிலொருவர் தளர்ந்தவர்கள் என்பதால் இதன் முடிவுக்குத் தனி மதிப்பு உண்டு.

ஸ்டென்ட் வைக்கும் குழாயைத் தொடைக்குப் பதில் மணிக்கட்டு வழியே செலுத்துவதால் ரத்தக்கசிவு குறைகிறது. முதியவர்களின் தமனியில் சுண்ணாம்புச் சத்து கல்லாகப் படிந்திருந்தால், வைரத்துகள் பதித்த நுண்துளைப்பானால் அதைத் தேய்த்துவிட்டு ஸ்டென்ட் வைப்பதுண்டு. படமெடுக்கச் செலுத்தும் சாயம் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். ஸ்டென்ட் வைத்த பிறகு ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்த்துச் சாப்பிடும் காலத்தை, ரத்தக்கசிவு அபாயம் உள்ளவர்களுக்குச் சில மாதங்களாகச் சுருக்குவார்கள்.

பைபாஸ், இடது பிரதான தமனியிலோ பல தமனிகளிலோ அடைப்புள்ள, திடமான முதியவர்களுக்கே. அறுவைக்குப் பின் மனக்குழப்பம் வருவதும் தேற நாளாவதும் இவ்வயதில் அதிகம்.

மாரடைப்பில்லாமல், நடந்தால் மட்டும் நெஞ்சு வலிப்பவர்களுக்கு மருந்தே தொடக்கம்: ஆஸ்பிரின், ஸ்டேட்டின், பீட்டா பிளாக்கர், நைட்ரேட். வலி அடங்காவிட்டால் ஸ்டென்டைப் பற்றி யோசிக்கலாம். நைட்ரேட் மாத்திரையை நாக்கின் கீழ் வைக்கும்போது உட்கார்ந்திருக்க வேண்டும். நின்றால் ரத்த அழுத்தம் இறங்கி விழுந்து இடுப்பெலும்பு முறியலாம்.