மறியல்: யார் யாரை மறிப்பது?

இலங்கைச் செய்தி ஒன்றில் '14 நாள் விளக்கமறியல்' என்று படித்ததும் ஏதோ போராட்டம் போல என்று நினைத்துவிட்டேன். அப்புறம்தான் புரிந்தது, அது விசாரணைக் காவல். அங்கே பேச்சில் 'மறியல்' என்றாலே சிறைதான்.

நம்மூரில் கதை நேரெதிர். 1921-ல் ஈரோட்டுக் கள்ளுக்கடை மறியலில் பெரியாரின் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் இறங்கினார்கள். 1938-ல் இந்தித் திணிப்பை எதிர்த்துச் சென்னையில் பள்ளி வாசலில் மறியல் செய்தவர்கள் சிறைக்குப் போனார்கள்.

மறி என்றால் போகவிடாமல் தடுப்பது. வழிமறிப்பதும் இதே வினைதான். இரண்டு கரையிலும் பொருள் மாறவில்லை, எழுவாய்தான் மாறியிருக்கிறது. இங்கே மறிப்பது மக்கள். அங்கே மறிப்பது அரசு.

இரண்டு வழக்கையும் சேர்த்தால், அந்த 1938 ஆட்கள் மறியல் செய்து மறியலுக்குப் போனவர்கள்!