மீகாமன் முதல் விமானி வரை: இறங்குவழியிற் பிழையும் பொறுப்பும்

மன்னார்ப் பெருநிலத்தின் கடலோரத்தில், மாந்தைக்கும் விடத்தல்தீவுக்கும் இடையே அமைந்த சிற்றூர் பாப்பாமோட்டை. அதற்கப்பால் விரிந்து கிடப்பது பாக்கு விரிகுடாவின் ஆழங்குறைந்த கடல். மாந்தைத் துறை செழித்திருந்த காலத்தில் இக்கரையை நாடிய மரக்கலங்கள் நடுக்கடலை அஞ்சியதைவிடக் கரையணுகும் வேளையையே பெரிதும் அஞ்சியிருத்தல் வேண்டும். மணற்றிட்டு எங்குளது, நீரோட்டம் எத்திசையது, தன் கலம் நிற்குமிடம் யாது என்பவற்றை அறிந்து செலுத்துவோனையே தமிழர் மீகாமன் என்றனர். பிற்காலத் துறைமுக வழக்கில் அவன் தண்டையல் ஆனான். வான்வழியே வருவோர்க்கும் இடர் மிகுவது கரையணுகும் வேளையிலேயாம்.

இக்கரைக்கு வான்போக்குவரத்து வரலாற்றிலும் ஓரிடமுண்டு. 1947 டிசெம்பர் 10 இல் எயர் சிலோன் நிறுவனத்தின் டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத் தன் முதற் சேவையைத் தொடங்கிற்று. காங்கேசன்துறை என்று அந்நாளிற் குறிக்கப்பட்டது பலாலித் தளமே. இரத்மலானையையும் பலாலியையும் நேர்கோடொன்றால் இணைப்பின் அக்கோடு பாப்பாமோட்டைக்கும் விடத்தல்தீவுக்கும் அண்மையிற் செல்லக் காணலாம். தெளிந்த பகற்பொழுதில் தாழப் பறந்த விமானி மன்னார்த் தீவின் நீண்ட வடிவத்தைக் கண்ணாற் கண்டே தன் இடத்தை உறுதிசெய்து கொள்ள முடிந்தது. (1998 செப்டெம்பர் 29 இல் பலாலியிலிருந்து இரத்மலானை நோக்கிச் சென்ற லயன் எயர் விமானம் மன்னார்க் கரைக்கப்பால் 55 பேருடன் வீழ்த்தப்பட்டமை போரின் வரலாற்றைச் சார்ந்தது, அது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.)

இரவில், முப்பதினாயிரம் அடிக்கு மேலிருந்து இறங்கும் ஜெற் விமானத்துக்குக் கண் துணையாவதில்லை. கருவி காட்டுவதையும் தரையிலுள்ள கட்டுப்பாட்டாளர் உரைப்பதையும் நம்பியே அது இறங்கவேண்டும். அவற்றுள் ஒன்று பிழைப்பின் நேர்வது யாது என்பதற்கு இலங்கை மண்ணிலேயே இரு பெருந்துயரங்கள் சான்றாகின்றன. இரண்டும் நான்காண்டு இடைவெளியுள் நிகழ்ந்தவை. இரண்டிலும் மாண்டவருட் பெரும்பாலோர் இந்தோனேசிய ஹஜ் பயணிகள். ஒன்று மக்கா நோக்கிச் சென்றது. மற்றையது கடமை முடித்துத் திரும்பியது.

1974 டிசெம்பர் 4 இரவு, சுரபாயாவிலிருந்து கட்டுநாயக்காவுக்கு 191 பேருடன் வந்துகொண்டிருந்தது மார்ட்டின் எயர் நிறுவனத்தின் டி.சி. 8 விமானம். அதற்கு முதலில் 5,000 அடிவரையும் பின்னர் 2,000 அடிவரையும் இறங்க அனுமதி கிடைத்தது. விமான நிலையத்துக்குக் கிழக்கே ஏறத்தாழ 14 மைல் தொலைவில் இருப்பதாக விமானிகள் அறிவித்தனர். உண்மையில் அவர்கள் 40 கடல்மைல் தொலைவில், மலைநாட்டின் மேல் இருந்தனர். தொடர்ந்து வருமாறும் ஓடுபாதை தென்பட்டதும் அறிவிக்குமாறும் மறுமொழி சென்றது. மஸ்கெலியாவுக்கருகே சப்த கன்னியர் மலையில், 4,355 அடி உயரத்தில் விமானம் மோதிற்று. ஒருவரும் பிழைத்திலர்.

விமானத்திலிருந்த டொப்ளர் கருவியையும் வானிலை ராடரையும் சார்ந்து இடத்தைக் கணித்தமையே பிழைக்கு வழிவகுத்தது என்பது விசாரணையாளர் கருத்து. டொப்ளர் கருவி கீழ்நோக்கி வானொலி அலைகளைச் செலுத்தி, மீளும் அலைகளின் மாற்றத்தைக் கொண்டு வேகத்தையும் விலகலையும் கணிப்பது. நெடுங்கடலைக் கடக்கையில் அதன் சிறு வழுக்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருகக்கூடும். இங்குக் கருவி பழுதுற்றது என்பதிலும், அது ஐயத்துக்கிடமான விடையை ஐயமற்றது போற் காட்டிற்று என்பதே பொருந்தும். தாம் கூறிய தொலைவைத் தரையிலிருந்த குரலும் மறுக்காதபோது, அக்கணிப்பு சரியென்றே விமானிகள் கொண்டிருத்தல் கூடும்.

1978 நவம்பர் 15 இரவு நிகழ்ந்த விபத்து இதனினும் சிக்கலானது. ஜித்தாவிலிருந்து சுரபாயா செல்லும் வழியில் எரிபொருளுக்காகக் கட்டுநாயக்காவில் இறங்க முயன்ற லொப்ட்லெய்டிர் என்னும் ஐஸ்லாந்து நிறுவனத்தின் டி.சி. 8, ஓடுபாதைக்கு ஏறக்குறைய ஒரு மைல் முன்னதாகத் தோட்டமொன்றில் வீழ்ந்தது. 262 பேரில் 183 பேர் மாண்டனர். அன்றிரவு இடிமழை. இறங்குவழியின் சரிவை விமானிக்குக் காட்டுவது ஓடுபாதையருகேயிருந்து எழும் வானொலிக் கற்றை. அக்கற்றை கீழ்நோக்கி வளையுமாயின், கருவியின் முள்ளை நடுவில் வைத்திருக்கும் விமானி நெறிதவறாமலே தரையில் மோத நேரிடும்.

விமானிகள் இறங்குமுறை விதிகளைக் கடைப்பிடிக்கவில்லை, உயரத்தையும் இறங்குவேகத்தையும் காட்டும் கருவிகளைப் பயன்படுத்தவில்லை என்பது இலங்கை அதிகாரிகளின் முடிவு. விமான நிலையத்தின் பழுதுற்ற கருவிகளும் கட்டுப்பாட்டாளர் தந்த பிழையான தகவலுமே காரணம் என்றனர் அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபையினரும் ஐஸ்லாந்து அதிகாரிகளும். நிலையத்தை நடத்திய நாடு விமானியையும், விமானத்துக்குரிய நாடு நிலையத்தையும் சுட்டின. இதில் வியப்பில்லை, ஆயினும் வரலாற்று மாணவர் ஒன்றை நோக்கவேண்டும். உயரமானியைப் பார்த்திருப்பின் விமானி தப்பியிருக்கலாம் என்பது உண்மையாகலாம். கற்றை செவ்வையாக இருந்திருப்பின் அவர் உயரமானியிடம் அடைக்கலம் புகவேண்டிய தேவையே எழுந்திராது என்பதும் உண்மையாகலாம். 'விமானியின் தவறு' எனும் தீர்ப்பு பொய்யன்று எனினும், அத்தீர்ப்போடு ஏடு மூடப்படுமாயின் கருவியைப் பேணவேண்டியவரை எவரும் வினவுவதில்லை. விடையிறுக்க முடியாதவர்மீது சுமத்தப்படும் பழி எளிதில் நிலைத்துவிடுகிறது.

வானில் மற்றொரு விமானம் எதிர்ப்படும்போது இச்சிக்கல் வேறு வடிவம் பெறுகிறது. 1996 நவம்பர் 12 இல் டில்லிக்கு மேற்கே சார்க்கி தாத்ரியில், இறங்கிக்கொண்டிருந்த கசாக்ஸ்தான் இலியூஷின் விமானமும் ஏறிக்கொண்டிருந்த சவூதியா போயிங் 747 உம் மோதி 349 பேர் இறந்தனர். முன்னையதற்கு 15,000 அடியும் பின்னையதற்கு 14,000 அடியும் எல்லையாக விதிக்கப்பட்டிருந்தன. இலியூஷின் தன் எல்லைக்குக் கீழே இறங்கிற்று. அதன் வானொலியில் உரையாடியவர்க்குத் தமக்கெனக் கருவிகள் இல்லை; விமானிகளின் தோள்வழியே எட்டிப் பார்த்தே உயரத்தை அறியவேண்டியிருந்தது. டில்லியில் அன்றிருந்த முதனிலை ராடரோ விமானத்தின் உயரத்தைக் காட்டாதது; காட்டவல்ல இரண்டாம்நிலை ராடர் வாங்கப்பட்டும் இயங்கத் தொடங்கவில்லை. வருவதற்கும் போவதற்கும் ஒரே வழி. லகோட்டி ஆணைக்குழு இலியூஷின் விமானிகளைப் பொறுப்பாளிகளாக்கியது. அவ்விபத்தின் பின்னர் இந்தியா வழிகளைப் பிரித்ததோடு, மோதல் தவிர்க்கும் கருவியையும் கட்டாயமாக்கியது.

அக்கருவியும் புதியதொரு முரணைக் கொணர்ந்தது. 2002 ஜூலை 1 இல் ஜெர்மனியின் ஊபர்லிங்கன் நகரின் மேல் ரஷ்ய விமானமொன்றை ஏறுமாறு கருவி பணித்தது. இறங்குமாறு கட்டுப்பாட்டாளர் பணித்தார். அவ்வேளை சூரிச் நிலையத்தில் பராமரிப்பு வேலை நடைபெற்றமையாற் தொலைபேசியும் எச்சரிக்கை அமைப்பும் செவ்வனே இயங்கவில்லை. கடமையில் இருந்தவரோ ஒருவர். விமானிகள் மனிதக் குரலுக்குப் பணிந்தனர். எதிரே வந்த சரக்கு விமானம் கருவிக்குப் பணிந்து தானும் இறங்கிற்று. 71 உயிர்கள் மாண்டன. இரண்டும் முரண்படின் கருவியின் பணிப்பையே பின்பற்றுக எனச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் 2003 இல் விதிகளைத் தெளிவாக்கிற்று. கட்டுநாயக்கா விபத்தைப் பற்றிய இரு முடிவுகளோ ஒன்றையொன்று மறுத்தபடியே ஏடுகளில் உள்ளன.