எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிரசங்கம்: 1511-ன் திருவருகைக் காலம்

டொமினிக்கன் குடியரசின் தலைநகர் சாந்தோ தொமிங்கோவின் கடற்கரையில் 15 மீட்டர் உயரத்தில் ஒரு துறவியின் சிலை இருக்கிறது. வாயருகே கையைக் குவித்து, கடலைப் பார்த்துக் கூவுகிற மாதிரி. அவர் பெயர் அந்தோனியோ தெ மொந்தெசினோஸ். சிலை மெக்சிகோ நாட்டின் அன்பளிப்பு. சிலையில் குறை ஒன்றும் இல்லை, ஆனால் ஒரு விஷயத்தை அது மறைத்துவிடுகிறது. 1511 டிசம்பர் 21-ல் அவர் செய்த பிரசங்கம் அவருடையது மட்டும் அல்ல.

கொலம்பஸ் பிடித்த ஹிஸ்பானியோலா தீவுக்கு 1510 செப்டம்பரில் தோமினிக்கன் துறவிகள் சிலர் வந்து இறங்கினார்கள். நம்மூர்ப் பழைய கத்தோலிக்கர்கள் சாமிநாதர் சபை என்பார்களே, அந்தச் சபைதான். தலைவர் பெத்ரோ தெ கோர்தொபாவுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. ஊர்க்காரர் ஒருவர் வீட்டுக் கொல்லையில் ஓலைக் குடிசை. வைக்கோல் படுக்கை. மரவள்ளிக் கிழங்கு அப்பம், எண்ணெய் இல்லாமல் வேகவைத்த கோசு, அதற்கு ருசியாக மிளகாய். (மிளகாய் அந்தப் பக்கத்துப் பயிர். நம்ம அடுப்பங்கரைக்குப் போர்ச்சுகீசியர் மூலம் பின்னால் வந்து சேர்ந்தது.)

அந்தத் தீவில் அப்போது நடந்தது 'என்கொமியெண்டா' முறை. இத்தனை தாயினோ மக்கள் இன்னாருக்கு என்று பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். அவர்களுக்கு வேதம் சொல்லிக்கொடுக்க வேண்டும், பதிலுக்கு வேலை வாங்கிக்கொள்ளலாம். காகிதத்தில் அப்படி. நடைமுறையில் வேதமும் கிடையாது, சோறும் கிடையாது, தங்கச் சுரங்கம் மட்டும்தான். ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள்.

துறவிகளுக்கு இதன் உள்விவரங்களைச் சொன்னது யார் தெரியுமா? ஹுவான் கார்செஸ் என்ற கொலைகாரர். உள்ளூர் உயர்குடிப் பெண்ணான தன் மனைவியைக் கொன்றுவிட்டு மலைக்காட்டில் சில வருஷம் ஒளிந்திருந்தவர். மனம் திரும்பி, இந்தக் குடிசைக்கு வந்து, பொதுநிலைச் சகோதரராகச் சேர்ந்தார். தானும் கூட இருந்து செய்த கொடுமைகளை ஒவ்வொன்றாகச் சொன்னார்.

திருவருகைக் காலம் என்றால் இன்றைக்கு நமக்கு மெழுகுவர்த்தி வளையம், குடில், கேரல் பாட்டு. அன்றைக்கு அது ஒறுத்தல் காலம். ஊதா உடை, ஒருசந்தி, பாவசங்கீர்த்தனம். அந்தக் குடிசையிலும் நோன்பும் கண்விழித்த ஜெபமும் நடந்தன. ஆனால் அவர்கள் ஜெபித்தது ஒரு முடிவுக்காக: இதைப் பகிரங்கமாகச் சொல்வதா, வேண்டாமா? பல தடவை கூடிப் பேசினார்கள். சொல்வது என்று முடிவானதும் பிரசங்கத்தைச் சேர்ந்து எழுதி, ஒவ்வொருவரும் அதில் தம் பெயரைக் கையெழுத்திட்டார்கள். பிறகுதான், பேச்சில் வல்லவர் என்பதால், மொந்தெசினோஸைப் பிரசங்கம் வைக்கும்படி தலைவர் கட்டளையிட்டார். துறவியின் கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு இங்கே எப்படி வேலை செய்கிறது பாருங்கள். பேசுபவர் தப்பிக்க முடியாது, மற்றவர்களும் "அது அவர் சொந்தக் கருத்து" என்று கைகழுவ முடியாது.

நாளையும் யோசித்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள். திருவருகைக் காலத்தின் நான்காம் ஞாயிறு. ஸ்நாபக அருளப்பர் தன்னைப் பாலைவனக் குரல் என்று சொல்லிக்கொள்ளும் நற்செய்தி அன்றைய வாசகம். ஆளுநர் தியேகோ கொலம்பஸ் (ஆமாம், அந்தக் கொலம்பஸின் மகன்தான்), அரசு அதிகாரிகள், சட்டம் படித்தவர்கள் எல்லோரையும் தேடிப்போய் அழைத்துவைத்திருந்தார்கள். வந்தவர்கள் கேட்டது இதுதான்: நீங்கள் அத்தனை பேரும் சாவான பாவத்தில் இருக்கிறீர்கள். எந்த உரிமையில் இந்த மக்களை வதைக்கிறீர்கள்? இவர்கள் மனிதர்கள் இல்லையா?

மதியச் சாப்பாடு முடிந்ததும் ஊர்ப் பெரிய மனிதர்கள் கூடிக்கொண்டு குடிசைக்கு வந்துவிட்டார்கள். மொந்தெசினோஸைக் கூப்பிடு என்று சத்தம். பெத்ரோ தெ கோர்தொபா அசரவில்லை. அவர் பேசியது எங்கள் எல்லோருடைய பேச்சு என்றார். வாபஸ் வாங்கு, இல்லையென்றால் மூட்டை கட்டு என்றார்கள். கட்டுவதற்கு அதிக நேரம் ஆகாது என்று பதில் வந்தது. குடிசையில் இருந்த சாமான்களை நினைத்தால் அது உண்மையும்கூட!

வாபஸ் வாங்குவார் என்று எதிர்பார்த்து அடுத்த ஞாயிறும் கோயில் நிறைந்தது. மொந்தெசினோஸ் யோபு நூலிலிருந்து தொடங்கி, சொன்னதையே இன்னும் கடுமையாகச் சொன்னார். கடைசியில் ஒரு அறிவிப்பு: வழிப்பறிக்காரனுக்குப் பாவமன்னிப்பு கொடுக்காத மாதிரியே உங்களுக்கும் இனிமேல் கொடுக்க மாட்டோம். என்னைக் கேட்டால், பிரசங்கத்தைவிட இதுதான் பெரிய அடி. நரகத்துக்கு நிஜமாகவே பயந்த காலம் அது.

ஊர்க்காரர்கள் அரசருக்கு எழுதினார்கள். ஒரு பிரான்சிஸ்கன் துறவியையே பிடித்துத் தூது அனுப்பினார்கள். 1512 மார்ச்சில் அரசர் பெர்னாந்துவிடமிருந்து கோபமான கடிதம் வந்தது. ஸ்பெயினில் இருந்த சபைத் தலைவரும் இவர்களைக் கண்டித்து எழுதினார். மொந்தெசினோஸ் கப்பலேறிப் போய் அரசர் முன்னால் கொடுமைகளை வரிசையாக வாசித்துக் காட்டினார். அதன் பலன் 1512 டிசம்பர் 27-ல் வந்த பூர்கோஸ் சட்டங்கள். வேலை நேரம், உணவு, ஓய்வு பற்றியெல்லாம் விதி போட்டன. என்கொமியெண்டாவை ஒழிக்கவில்லை.

இதில் பெரும்பகுதி நமக்குத் தெரிவது பர்தோலொமே தெ லாஸ் காசாஸ் எழுதிய 'இந்தியாக்களின் வரலாறு' வழியாகத்தான். அது அச்சேறியதே 1875-ல். குருவாக இருந்துகொண்டே அவரும் தாயினோ மக்களை வைத்து வேலை வாங்கியவர். பாவசங்கீர்த்தனத்துக்குப் போன இடத்தில் ஒரு தோமினிக்கன் துறவி, 'உனக்கும் கிடையாது' என்று திருப்பி அனுப்பிவிட்டதை அவரே எழுதியிருக்கிறார். அப்போது அவர் திருந்தவில்லை, வாதாடிப் பார்த்தார். 1514-ல் கியூபாவில் தூய ஆவி பெருவிழாவுக்குப் பிரசங்கம் தயாரிக்க உட்கார்ந்தபோதுதான், ஏழைகளிடமிருந்து பறித்ததைக் காணிக்கையாகச் செலுத்துவது பற்றிய சீராக் ஆகமப் பகுதி கண்ணில் பட்டது. தன்னிடம் இருந்தவர்களை விடுவித்தார். சில வருஷங்கள் கழித்து அதே சபையில் சேர்ந்தார்.