கன எண்ணெயும் நீராவியும்

கிணறு தோண்டியதும் பீறிட்டு வருவது எல்லாக் கச்சா எண்ணெய்க்கும் வாய்த்ததல்ல. கன எண்ணெய், ஆறிப்போன வெல்லப்பாகுபோல மணற்பாறையின் நுண்துளைகளில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். கலிபோர்னியாவின் கெர்ன் ரிவர் வயலில் அதன் பிசுபிசுப்பு தண்ணீரைப்போல ஏறக்குறைய 4,000 மடங்கு. சூடேற்றினால் இளகும். நிலத்துக்கடியில் எப்படிச் சூடேற்றுவது?

விடையின் ஒரு பாதி விபத்தாக வந்தது. 1959இல் வெனிசுவேலாவின் மெனே கிராண்டே வயலில் ஷெல் நிறுவனம், நீராவியால் எண்ணெயைப் பக்கத்துக் கிணறுகளை நோக்கித் தள்ளிப் பார்த்தது. அழுத்தம் மீறியது, நிலத்தைப் பிளந்துகொண்டு நீராவி சீறியது. அதைத் தணிக்க, நீராவி இறக்கிய கிணறுகளையே திறந்துவிட்டார்கள். அவற்றின் வழியே எண்ணெய் தாராளமாகக் கொட்டியது! ஒரே கிணற்றில் சில வாரம் நீராவி இறக்கி, சில நாள் மூடி ஊறவிட்டு, பிறகு எண்ணெய் எடுக்கும் சுழற்சி முறை இப்படித்தான் பிறந்தது.

வெந்நீர் போதாதா என்றால், போதாது. ஒரு கிலோ தண்ணீரைப் பூஜ்யத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 420 கிலோஜூல் செலவாகும். ஒரு கிலோ நீராவியோ, திரும்ப நீராகும்போதே சுமார் 2,257 கிலோஜூலைப் பாறைக்குக் கொடுத்துவிடும்.

கெர்ன் ரிவரில் 1899இல் எண்ணெய் கண்டார்கள். 1942இல் போட்ட கணக்கில் எடுக்கத்தக்க மிச்சம் 5.4 கோடி பீப்பாய். அடுத்த 44 ஆண்டுகளில் அங்கே எடுத்ததோ 73.6 கோடி, அதற்குப் பிறகும் 97 கோடி மிச்சமிருப்பதாகக் கணக்கிட்டார்கள். இந்தக் கணக்குப் பிழைக்குப் பெருங்காரணம், 1960களில் அங்கே நுழைந்த நீராவி.

கனடாவில் இம்பீரியல் ஆயிலின் ரோஜர் பட்லர் 1970களில் வேறு வழி வகுத்தார். ஒன்றின்மேல் ஒன்றாக இரு கிடைக் கிணறுகள். மேலதில் நீராவி, இளகிய எண்ணெய் தன் எடையாலேயே கீழதில் வடியும். ஆல்பர்ட்டாவின் எண்ணெய் மணலுக்கு இதுவே பெரிதும் ஒத்துவந்தது. இந்தியாவில் ராஜஸ்தானின் பாகேவாலா வயலில் ஆயில் இந்தியா நிறுவனம் சுழற்சி முறையைக் கையாள்கிறது.

செலவு கொதிகலனில்தான். ஒரு பீப்பாய் எண்ணெய்க்கு மூன்று பீப்பாய் தண்ணீராவது நீராவியாக வேண்டியிருப்பது வழக்கம். அதற்கு எரிவாயு எரிய வேண்டும், புகைக்கணக்கும் கூடும். ஆழமான கிணறுகளில் பாதி வழியிலேயே சூடு கசிந்துவிடும். கெர்ன் ரிவரில் எண்ணெயோடு மேலே வரும் தண்ணீரைச் சுத்திகரித்து, ஒரு பகுதியைச் சுற்றுவட்டார விவசாயத்துக்குக் கொடுக்கிறார்கள். பாதாம் மரங்களுக்கு அது பாய்வது சரிதானா என்ற வாதம் அங்கே நடந்துகொண்டிருக்கிறது.